கார் ஏசி கம்ப்ரசர் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதுமா? இரண்டாவது முறையும் பணம் கரைவது ஏன்?

போவன்பள்ளி (ஹைதராபாத்): கோடையில் கார் ஏசி குளிர்ச்சி தராமல் போனால், பணிமனையில் உரிமையாளர் கேட்க அஞ்சும் பதில் ஒன்றுதான்: "கம்ப்ரசர் போய்விட்டது." சிறிய கார்களுக்கே இந்தப் பணி பெரும்பாலும் ஐந்து இலக்கத் தொகையில் முடிகிறது. செலவு செய்த பின்னரும் சில மாதங்களில் புதிய கம்ப்ரசர் மீண்டும் பழுதாவதும் அரிதல்ல. புதிய பாகத்தின் தரம்தான் காரணம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய கம்ப்ரசர் ஏன் பழுதானது என்று கண்டறியாமலே அது மாற்றப்பட்டிருக்கும்.

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது போவன்பள்ளி. செகந்திராபாத் கண்டோன்மென்ட்டின் வடக்குப் பகுதியான இங்கு பெரிய காய்கறிச் சந்தையும் இருப்பதால் சரக்கு வாகனங்களும் வாடகைக் கார்களும் நாள் முழுவதும் நெருக்கியடித்துச் செல்கின்றன. இந்த நெரிசலைக் குறைக்க, பாரடைஸ் சந்திப்பில் இருந்து போவன்பள்ளி வழியாக டெய்ரி ஃபார்ம் சாலை வரை சுமார் 5.3 கி.மீ. நீள மேம்பாலச் சாலைக்கு 2024 மார்ச் மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. கார் ஏசிக்கும் சாலை நெரிசலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நெருங்கிய தொடர்பு உண்டு.

ஓடும் காரில் எதிர்க்காற்று முன்பக்கக் கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நெரிசலில் நிற்கும் காரில் அந்தக் காற்று இல்லை. மின்விசிறி மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். விசிறியின் வேகம் குறைந்திருந்தாலோ, கண்டன்சரின் இதழ்களில் தூசியும் சேறும் படிந்திருந்தாலோ, வெப்பம் வெளியேறாமல் வாயுவின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அத்தனை சுமையையும் தாங்குவது கம்ப்ரசர்தான். வெளி வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஏப்ரல், மே மாதங்களில், விசிறி சரியாக இயங்காத ஒரு கார் நாள்தோறும் மணிக்கணக்கில் நெரிசலில் நின்றால் அதன் கம்ப்ரசர் எத்தனை நாள் தாங்கும்? அந்த விசிறியைச் சரிசெய்யாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதன் வழியிலேயே செல்லும்.

ஒரு கிலோ மீட்டருக்கு எவ்வளவு?

இந்தச் செலவு யாரை அதிகம் பாதிக்கிறது என்பதை ஹைதராபாத் ஏற்கெனவே பார்த்துள்ளது. செயலி வழி வாடகைக் கார் ஓட்டுநர்கள் 2024 ஏப்ரலில் 'நோ ஏசி' இயக்கத்தை அறிவித்தனர். ஏசியை இயக்கி ஓட்டினால் வாகனப் பராமரிப்பு உட்பட ஒரு கிலோ மீட்டருக்கு 16 முதல் 18 ரூபாய் வரை செலவாகிறது, ஆனால் தங்களுக்குக் கிடைப்பதோ 10 முதல் 12 ரூபாய்தான் என்பது தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கம் முன்வைத்த கணக்கு. 2025 மார்ச்சிலும் இதே கோரிக்கையுடன் இயக்கம் மீண்டும் எழுந்தது.

பயணிகள் தரப்பில் இது எரிபொருள் தகராறாகவே பார்க்கப்பட்டது. பழுதுச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. கம்ப்ரசர், கண்டன்சர், கூலி எல்லாம் சேர்த்து 25 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ மீட்டருக்கு 11 ரூபாய் வருமானத்தில், எரிபொருளுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல் ஏறத்தாழ 2,270 கிலோ மீட்டர் ஓட்டினால்தான் அந்தத் தொகை திரும்பும். அதே பழுது சில மாதங்களில் இரண்டாவது முறையும் வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

'கேஸ்' என்ற சொல் செய்யும் குழப்பம்

தமிழ், தெலுங்கு, இந்தி என எந்த மொழியில் பேசினாலும் பணிமனையில் குளிர்பதன வாயுவின் பெயர் 'கேஸ்' என்பதே. மொழிபெயர்க்கும் வேலையே இல்லாத அளவுக்கு எல்லோருக்கும் பொதுவான அந்தச் சொல்லில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சமையல் எரிவாயுவைப் போல, எரிபொருளைப் போல, அதுவும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் 'கேஸ் போடுவது' ஒரு வழக்கமான செலவாக மாறியிருப்பதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

உண்மையில் கார் ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. முன்பக்கக் கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையைக் கடந்ததும் அழுத்தம் திடீரெனக் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்றில் எதுவும் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. பல ஆண்டுகளில் குழாய்கள் வழியே மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஒரே ஆண்டில் குளிர்ச்சி போகும் அளவுக்கு வாயு குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள்.

அந்த ஓட்டைக்கும் கம்ப்ரசரின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கார் எஞ்சினைப் போல ஏசி கம்ப்ரசருக்கு எண்ணெயைத் தொடர்ந்து நிரப்பும் தனி ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. அதற்குத் தேவையான எண்ணெய் வாயுவுடன் கலந்தே சுற்று முழுவதும் பயணித்துத் திரும்பி வருகிறது. வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறைகிறது. கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்தே வெளியேறுகிறது. குழாய் இணைப்புகளில் பிசுபிசுப்பாகத் தூசி படிந்திருந்தால் கசிவு அங்கேதான் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் பார்ப்பது இதனால்தான். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயுவை மட்டும் நிரப்பினால் குளிர்ச்சி திரும்பும். ஆனால் எண்ணெய் திரும்பாது. மூன்றாவது, நான்காவது கோடையில் கம்ப்ரசர் வறண்டு தேய்கிறது.

உண்மையிலேயே கம்ப்ரசர்தான் பழுதா?

ஏசி பொத்தானை அழுத்தியும் கம்ப்ரசர் சுழலவில்லை என்பதாலேயே அது செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. வாயு மிகவும் குறைந்துவிட்டால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை இயங்கவிடாமல் தடுத்துவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு. ஃபியூஸ், ரிலே, மேக்னட்டிக் கிளட்ச்சின் காயில் ஆகியவற்றில் கோளாறு இருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும். இவை அனைத்தும் கம்ப்ரசரின் விலையில் சிறு பங்கில் முடியக்கூடியவை.

பரிசோதனையின் முதல் படி எளிமையானது. எஞ்சினை அணைத்து, சுற்றின் இருபுற அழுத்தமும் சமமாகும் வரை காத்திருந்து அளவீட்டுக் கருவியை இணைக்க வேண்டும். ஆர்-134ஏ வாயு உள்ள காரில் வெப்பநிலை 30 டிகிரி என்றால் இரு முள்களும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 35 டிகிரியில் இது சுமார் 114. இதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் வாயு போதாது. ஒரு எச்சரிக்கை: இந்த அளவு சரியாக இருந்தாலும் வாயு முழு அளவில் இருக்கிறது என்று பொருளல்ல. உள்ளே ஓரளவு திரவம் மிஞ்சியிருக்கும் வரை முள் இதே எண்ணைத்தான் காட்டும். எனவே உள்ளிருக்கும் வாயுவை இயந்திரத்தால் வெளியே எடுத்து எடைபோட்டுப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி.

அடுத்தது, எஞ்சின் ஓடும்போது பார்ப்பது. குறை அழுத்தப் பக்கம் வழக்கத்தைவிட உயர்ந்தும், உயர் அழுத்தப் பக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரசர் அழுத்தும் திறனை இழந்துள்ளது என்று கருதலாம். அப்போதும் ஒரு விதிவிலக்கு உண்டு. இப்போதைய பல கார்களில், தேவைக்கேற்பத் தானே அழுத்தும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வகைக் கம்ப்ரசர்கள் உள்ளன. அவற்றில் கிளட்ச் இல்லாமலும் இருக்கலாம். இந்த வகையில் அளவைக் கட்டுப்படுத்தும் சிறிய கண்ட்ரோல் வால்வு சிக்கிக்கொண்டாலும் அதே முள் அளவுதான் வரும். பல மாடல்களில் அந்த வால்வைத் தனியாகவே மாற்ற முடியும். அதை விசாரிக்காமல் முழுக் கம்ப்ரசருக்கு ஒப்புக்கொள்வது வீண்செலவு.

சத்தமும் ஒரு தடயமே. ஏசியை அணைத்திருக்கும்போதும் இரைச்சல் கேட்டால் பெரும்பாலும் பழுது புல்லியின் பேரிங்கில்தான் இருக்கும். ஏசி போட்டதும் மட்டும் உலோகம் உரசும் ஒலி வந்தால் நிலைமை தீவிரமானது. உடனே ஏசியை அணைத்துவிட வேண்டும். முற்றிலும் இறுகிப்போன கம்ப்ரசர், தன்னைச் சுழற்றும் பெல்ட்டைத் தேய்த்து எரிக்கும். பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் சிலவற்றில் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுவது அதே பெல்ட்தான். நெடுஞ்சாலையில் அது அறுந்தால், பிரச்சினை குளிர்ச்சியோடு நிற்காது. பேட்டரி சார்ஜ் ஆகாது, எஞ்சினும் சூடேறும்.

கறுப்புத் துகள்களின் கதை

கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்ந்து உடைந்திருந்தால், அது தனியாகச் சாவதில்லை. உடைந்த அலுமினியத் துகள்களும் கருகிய எண்ணெயும் அழுத்தத்துடன் கண்டன்சருக்குள் தள்ளப்படுகின்றன. பழைய கண்டன்சர்களில் அகன்ற ஒற்றைக் குழாய் வளைந்து வளைந்து செல்லும். கரைப்பானைச் செலுத்திக் கழுவிவிடலாம். இப்போதைய கண்டன்சர்களில் தட்டையான குழாய்களுக்குள் மயிரிழை போன்ற பல நுண்துளைகள் இணையாக ஓடுகின்றன. செலுத்தப்படும் கரைப்பான் அடைப்பில்லாத துளைகள் வழியாகவே பாய்ந்து வெளியேறிவிடும். அடைபட்ட துளைகளில் இருக்கும் துகள்கள் அங்கேயே தங்கும். புதிய கம்ப்ரசரைப் பொருத்தியதும் அவை மெல்ல நகர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், அல்லது புதிய கம்ப்ரசருக்கே திரும்பும். சில மாதங்களில் அது மீண்டும் பழுதாவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

எனவே கம்ப்ரசர் உள்ளே உடைந்திருந்தால் கண்டன்சரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து மாற்றுவதே பாதுகாப்பு. கூடுதல் செலவு என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளட்ச் காயில் எரிந்ததாலோ, ஷாஃப்ட் சீல் கசிந்ததாலோ மட்டும் கம்ப்ரசர் கழற்றப்பட்டிருந்தால் இவ்வளவும் தேவைப்படாது. இரண்டில் எது என்பதை அறிய ஒரு வழி உண்டு. கழற்றிய கம்ப்ரசரின் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியிலோ கண்ணாடிக் குவளையிலோ ஊற்றிக் காட்டச் சொல்லலாம். தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, மினுமினுக்கும் துகள்களுடன் இருந்தால் கண்டன்சருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டியதுதான்.

ரிசீவர் டிரையர் விஷயத்தில் மட்டும் விவாதத்திற்கே இடமில்லை. சுற்றில் புகும் ஈரத்தை உறிஞ்சும் பொருள் அதற்குள் உள்ளது. சுற்றைத் திறந்த கணமே அது வெளிக்காற்றின் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். புதிய கம்ப்ரசருடன் அதையும் மாற்றாவிட்டால் உத்தரவாதத்தை ஏற்க மறுக்கும் உற்பத்தியாளர்கள் பலர். சில கார்களில் இது கண்டன்சரின் ஓரத்திலேயே இணைந்திருக்கும்.

எண்ணெய் அளவும் வெற்றிடமும்

பழுது நீக்கத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது எண்ணெயின் அளவு. புதிய கம்ப்ரசர் பெரும்பாலும் சுற்று முழுமைக்கும் தேவையான எண்ணெயுடன் வருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு காரின் மொத்தத் தேவை 120 மில்லி லிட்டர் என்று கொள்வோம். பழைய கம்ப்ரசரில் இருந்து வடித்தபோது 50 மில்லிதான் வந்தது, எண்ணெய் எதுவும் வெளியே கசியவில்லை என்றால், மீதி 70 மில்லி கூலிங் காயிலிலும் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. அவற்றைக் கழுவாமல் புதியதை அப்படியே பொருத்தினால் சுற்றில் 190 மில்லி சேரும். மிகுதியான எண்ணெய் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். குறைவாக இருந்தாலோ கம்ப்ரசர் தேயும். எனவே வடித்த அளவைக் குறித்துக்கொண்டு அதற்கேற்பப் புதியதில் சரிசெய்ய வேண்டும். எண்ணெயின் வகையும் முக்கியம். பிஏஜி எண்ணெயிலேயே 46, 100 எனப் பாகுநிலை எண்கள் உள்ளன. கம்ப்ரசரின் மேல் ஒட்டப்பட்ட குறிப்பில் உள்ளதையே பயன்படுத்த வேண்டும்.

மின்சாரக் கார்களில் இந்தத் தவறு ஆபத்தாகவே முடியலாம். அங்கே கம்ப்ரசருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருப்பதால், மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய் பொதுவாகப் பயன்படுகிறது. வழக்கமான பிஏஜி எண்ணெய் கலந்தால் மின்காப்பு குலைந்து கார் பழுதுக் குறியீடு காட்டி நின்றுவிடக்கூடும். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே சுற்றுதான்.

எல்லாம் பொருத்திய பின் வாயுவை நிரப்புவதற்கு முன் சுற்றில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்ப்பால் வெளியேற்ற வேண்டும். அழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். சுமார் 42 மில்லிபார் அழுத்தத்தில் 30 டிகிரியிலேயே நீர் ஆவியாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரத்தை அகற்றுவது இந்த இயற்பியல்தான்.

ஹைதராபாத்துக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கு காற்றழுத்தமே சற்றுக் குறைவு. ஆகவே கருவியின் முள் பாதரச அளவில் சுமார் 28 அங்குலத்திற்கு மேல் இறங்காது. அது கசிவல்ல, கிட்டத்தட்ட முழு வெற்றிடம். சென்னையில் அதே 28-இல் நிறுத்திவிட்டால் கதை வேறு. கடலோர நகரில் உள்ளே இன்னும் போதுமான காற்று மிச்சமிருக்கும். நீர் கொதிக்க ஏறத்தாழ 35 டிகிரி தேவைப்படும். இந்த அளவை எட்டிய பின் பம்ப்பை அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஓட்டி, அணைத்து, முள் ஏறுகிறதா என்று பார்ப்பது முறை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் அவசரம், உள்ளே தங்கும் ஈரத்தை எண்ணெயுடன் வினைபுரிய வைத்து அமிலமாக்குகிறது.

முதல் முறை இயக்கும் முன் கம்ப்ரசரின் முனையைக் கையால் பத்து முறையாவது சுழற்றிவிட வேண்டும். உள்ளே தேங்கிய எண்ணெய் திரவத்தை அழுத்த முயன்றால் புதிய கம்ப்ரசர் முதல் நிமிடத்திலேயே சேதமடையலாம்.

போலி வாயுவும் காற்றில் விடப்படும் வாயுவும்

கார்களில் ஒரு காலத்தில் ஆர்-12 வாயு பயன்பட்டது. ஓசோன் படலத்தை அது சேதப்படுத்துவதால், 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து ஆர்-134ஏ அதன் இடத்தைப் பிடித்தது. இது ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆனால் புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு வலிமையானது. ஒரு சிறிய காரில் இருக்கும் 450 கிராம் வாயுவைத் திறந்துவிட்டால், அதன் விளைவு ஏறத்தாழ 640 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுமார் 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு இணையானது அது. பழைய வாயுவை இயந்திரம் மூலம் சேகரிக்காமல் 'புஸ்' என்று காற்றில் விடுவது இன்றும் பல சிறு பணிமனைகளில் நடக்கிறது. இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028இல் பயன்பாடு உச்சவரம்புக்குள் நிறுத்தப்பட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும்.

உடனடி ஆபத்து போலி வாயுவில் இருக்கிறது. 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த வாயு நிரப்பப்பட்ட குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்ததில் 3 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மெத்தில் குளோரைடு அலுமினியத்துடன் வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உருவாக்குகிறது. கார் ஏசியின் பெரும்பகுதி அலுமினியம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விலை மிகவும் குறைவாக, பெயர் அச்சிடப்படாத கேனில் இருந்து நிரப்பப்படும் வாயுவை மறுப்பதே நல்லது. கசிவைச் சோதிக்க உலர் நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கிடைக்கும் பழைய கம்ப்ரசர்கள் விலையில் ஈர்க்கும். அதன் வாய்கள் மூடி போட்டு அடைக்கப்பட்டுள்ளனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பிஏஜி எண்ணெய் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். மாதக்கணக்கில் திறந்தே கிடந்த கம்ப்ரசர், கையால் சுழன்றாலும் உள்ளே அரிப்புடன் இருக்கலாம்.

வாயுவின் அளவு கிராமில்தான் நிரப்பப்பட வேண்டும். பானெட்டின் அடியில் ஒட்டப்பட்டுள்ள குறிப்பில் அந்த எண் இருக்கும். குளிர்ச்சி அதிகமாகும் என்று கூடுதலாக நிரப்பினால் அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையவே செய்யும். ரசீதில் நிரப்பிய வாயுவின் எடை, எண்ணெயின் வகையும் அளவும், மாற்றிய பாகங்களின் எண்கள் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்வதும், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவதும் வாடிக்கையாளரின் உரிமை. கசிவைக் காட்டும் சாயம் சேர்க்கப்பட்டிருந்தால், ஒரு வாரம் ஓட்டிய பின் மீண்டும் காரைக் கொண்டுசென்று புற ஊதா விளக்கில் இணைப்புகளைப் பார்க்கச் சொல்லலாம். புதிய ஓ-ரிங் சரியாக அமராத இடம் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.